உடன்பிறந்தவர் யாருமில்லை

ஆம்பூர்
12.1.2024

அன்புத் தம்பி ஜீவாவுக்கு,

அக்கா சவுரியம்மாள் எழுதுவது. நாங்கள் எல்லோரும் சுகம். பாரிசில் குளிர் ஜாஸ்தியாம், டிவியில் சொன்னார்கள். முட்டிவலிக்கு மருந்து போடுகிறாயா? போனில் பழைய கதை எதை எடுத்தாலும் "அப்புறம் பேசலாம்க்கா" என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் கடிதம்.

மகளுக்குப் பையன் பிறந்திருக்கிறான் அல்லவா, ஈஸ்டர் முடிந்து ஞானஸ்நானம். பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட காலத்தில் புதுச்சேரியில் அப்பாவின் தாத்தா ஒரு குடும்பப் பெயர் எடுத்தாராமே. அப்பா இங்கே தோல் பதனிடும் ஷாப்புக்கு வேலைக்கு வந்தபிறகு அதை எழுதுவதையே விட்டுவிட்டார். நமக்கு வெறும் இனிஷியல்தான். அந்தப் பெயரைப் பேரனுக்கு வைக்க ஆசை. அதைத் தேடிக் கண்டுபிடித்தவன் நீ. எப்படி எழுதவேண்டும் என்று மட்டும் சொல்.

உன் அக்கா,
சவுரியம்மாள்

பாரிஸ்
3.2.2024

அன்புள்ள அக்கா,

பெயர் க்ளெமான். அப்பாவின் தாத்தா சவரிமுத்து 1882-ல், இனி ஊர் வழக்கம் வேண்டாம், பிரெஞ்சுச் சட்டமே போதும் என்று கையெழுத்துப் போட்டு எடுத்தது. பிள்ளை, பேரன், கொள்ளுப்பேரன் எல்லோருக்கும் அதே பெயர்தான். புதுச்சேரி இந்தியாவோடு சேர்ந்தபோது அப்பாவும் 1963-ல் பிரெஞ்சுக் குடியுரிமையே வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். அதனால்தான் அவர் பிள்ளைகளுக்கும் அந்த உரிமை வந்தது. எனக்கு மட்டுமில்லை அக்கா, உனக்கும்.

போனில் சொல்ல முடியாதது இதுதான். பிரெஞ்சுத் தாள்களில் அப்பா பெயர் ரத்தினசாமி க்ளெமான், உன் பள்ளிச் சான்றிதழில் வெறும் ரத்தினம் என்று இருந்தது. உன்னையும் சேர்த்தால் என் குடியுரிமை விண்ணப்பமும் நின்றுவிடும் என்று ஏஜென்ட் சொன்னான். உடன்பிறந்தவர்கள் என்ற இடத்தில் 'யாருமில்லை' என்று எழுதினேன். இருபத்தாறு வருஷம் ஆகிறது. அம்மா போனபிறகு எனக்குச் சோறு ஊட்டியவள் நீ. மன்னிப்புக் கேட்கக்கூட வெட்கமாக இருக்கிறது.

ஜீவா

ஆம்பூர்
24.2.2024

தம்பி,

எனக்குத் தெரியும். அந்த வருஷமே புதுச்சேரி பிரெஞ்சுத் தூதரகத்திலிருந்து ஒருவர் விசாரிக்க வந்தார். "ரத்தினசாமிக்கு ஒரே புள்ளதானாம்மா? நீங்க யாரு?" என்று கேட்டுக்கொண்டே தாளைக் காட்டினார். உன் கையெழுத்து எனக்குத் தெரியாதா? நிஜத்தைச் சொன்னால் நீ மாட்டிக்கொள்வாய். "நான் பக்கத்து வூட்டுக்காரிங்க" என்றேன்.

அவர் போனதும், கேட்டுக்கொண்டிருந்த எதிர்வீட்டு ஹலீமா பீ, "இன்னா சவுரி, பெத்த அப்பனையே இல்லன்னுட்டியே!" என்றாள். கல்லறைத் திருநாளில் அப்பாவுக்கு மெழுகுவத்தி ஏற்றும்போது ஒவ்வொரு வருஷமும் அவள் குரல்தான் காதில் கேட்கும். நீ என்றாவது சொல்வாய் என்று இருந்தேன். இவ்வளவு நாள் ஆகும் என்று நினைக்கவில்லை.

மன்னிப்பதில் எனக்குக் கஷ்டமில்லை. ஆனால் அந்தத் தாளைத் திருத்து. எனக்குப் பாஸ்போர்ட் வேண்டாம். அப்பாவுக்கு ஒரு மகளும் உண்டு என்று அங்கே எழுதியிருக்க வேண்டும். அதுவரை பேரனுக்கு அந்தப் பெயரை வைக்கமாட்டேன்.

சவுரியம்மாள்

பாரிஸ்
19.3.2024

அக்கா,

இன்று குடியுரிமை அலுவலகத்துக்குப் போனேன். "பழசைக் கிளறினா நம்ம பேப்பரையே புடுங்கிடுவாங்க" என்று வீட்டில் ஒரே அழுகை. எனக்கும் பயம்தான். வரிசையிலிருந்து இரண்டு தடவை வெளியே வந்துவிட்டேன்.

மூன்றாம் தடவை ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்த பெண்ணிடம், முன்பு பொய் எழுதிக் கொடுத்தேன் என்றேன். இதனால் என்ன வரும் என்று இப்போது சொல்ல முடியாது, தெரிந்துதான் செய்கிறீர்களா என்று கேட்டாள். ஆமாம் என்றேன். புதுத் தாள் எடுத்தாள். உடன்பிறந்தவர்கள் எத்தனை பேர் என்றாள்.

ஒருத்தி, அக்கா என்றேன்.

உன் பெயர் அவள் வாயில் நுழையவில்லை. எழுத்தெழுத்தாகச் சொன்னேன்.

உன் தம்பி,
ஜீவா