எலிகளுக்கான கண்ணீர்

ஒசாகா

அன்புள்ள அம்மாவுக்கு சிஹாயா எழுதுவது. முழங்கால் வலி தேவலையா? நான் சுகம். இன்னொரு கைக்குட்டை தைத்து அனுப்புங்கள்.

நான் எலிக்கூண்டு கழுவும் ஆய்வகத்தில், மினெகிஷி பேராசிரியையின் மூக்கு சிவந்திருப்பதை முதலில் கவனித்தேன். ஒவ்வாமையை ஆராய்கிறவருக்கே எலி ஒவ்வாமை. இயக்குநருக்குத் தெரிந்தால் எலி அறைக்குள் விடமாட்டார், ஆராய்ச்சி நின்றுவிடும்.

நேற்று, ஆய்வில் இறந்த எலிகளுக்கு வருடாந்திர அஞ்சலி. எலி அறையிலிருந்து நேராக வந்த பேராசிரியைக்குக் கண்ணீர் கொட்டியது.

"எலிக்காக எப்படி அழுவுறாங்க பாருங்க. நீங்களும் இருக்கீங்களே, கல்லு மாதிரி," என்று இயக்குநர் எங்களைத் திட்டினார்.

நான் கைக்குட்டையை நீட்டினேன். அதில் எலிமுடி ஒட்டியிருந்ததை மறந்துவிட்டேன். பேராசிரியைக்கு அடுக்கடுக்காகத் தும்மல் வந்தது.

இயக்குநர் திரும்பினார். "என்னங்க, இது அழுகைதானா?"

எனக்குத்தான் நாலு பேர் முன்னால் பேச வாய் வராதே. அவர் கவனத்தை என் பக்கம் திருப்ப, உங்களை நினைத்துக்கொண்டு ஓவென்று அழ ஆரம்பித்தேன்.