விருந்துக்கு முன் விழுந்த வலை

அண்ணா,

ஏப்ரல் 14, காலை ஆறரை மணி. மீன்கள் அணையைத் தாண்ட வைத்த படிக்கட்டான மீன் ஏணியில் ஏறிய சால்மன் ஒன்பது. நேற்று நாற்பது.

ஏணிக்குக் கீழே உன் சிவப்பு மிதவை வலை கிடக்கிறது. ஞாயிறன்றுதான் பருவத்தின் முதல் மீனுக்கான விருந்து. அதுவரை நம் குடியில் யாரும் வலை வீசுவதில்லை. படகில் உடன் வந்த லெவி மாமா என் மீன் ஆபீசர் சட்டையைப் பார்த்துச் சிரித்தார்: "மீன் ஆபீசர் வீட்டுக்கு மட்டும் ஆத்துல மீன்பிடி முன்னாடியே தொறந்துடுச்சாடா?"

உன் வீட்டில் படுத்திருக்கும் அம்மா புது மீன் கேட்டாள், தெரியும். டாக்டர் அவளுக்குச் சொன்ன நாள் கெடுவும் தெரியும். அதை எழுத உட்காரவில்லை. முட்டையிடப் போகும் மீன் குறைந்தால் குஞ்சு குறையும்.

இனிச் செய்யப்போவது:

1. பத்து மணிக்கு உன் வலையைத் தூக்கி, உயிருள்ளதை ஆற்றில் விடுவேன்.
2. அறிக்கையில் உன் பெயரை எழுதுவேன்.
3. விருந்தை நாளைக்கே வைக்கச் சொல்லிப் பெரியவர்களிடம் கெஞ்சுவேன்.
4. முதல் துண்டை அம்மாவுக்கு நானே கொண்டுவருவேன். கதவைத் திற.

உன் தம்பி