சேர்ந்து இருமும் பிள்ளைகள்

அன்பு மகன் அறிவுச்செல்வனுக்கு, வடக்கனந்தலிலிருந்து அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் சுகம், உன் தங்கை சுபஸ்ரீயும் தேறிவிட்டாள், அந்தக் குளிரில் நீ வேளைக்குச் சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதுதான் எங்கள் கவலை. போனில் சொன்னால் பாதியிலேயே அழுதுவிடுவேன் என்று, அங்கே வருகிற உன் பெரியப்பா மகன் பகலவன் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

மக்காச்சோளம் அடிக்கிற சமயத்தில் தங்கைக்கு மறுபடியும் சளியும் காய்ச்சலும் வந்து மூச்சுவிடவே திணறினாள், சின்னசேலம் போய் அங்கிருந்து சேலம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். பிறவியிலேயே வந்த இந்த சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் நோயில் சளி பசை மாதிரி கெட்டியாகிவிடும் என்பது உனக்கே தெரியும். இந்தத் தடவை டாக்டரம்மா பொறுமையாக உட்கார்ந்து மீதியையும் புரியவைத்தார். கிருமி நுரையீரலில் தங்கியதும் ரத்தத்திலிருந்து வெள்ளை அணுக்கள் கூட்டம் கூட்டமாக அங்கே ஓடுகின்றனவாம், அந்தப் பசையில் சிக்கி, கிருமியை ஒழிக்கவும் முடியாமல் அங்கேயே செத்து உடைகின்றனவாம், கிருமியைக் கொல்ல அவற்றுக்குள் இருக்கிற சரக்கெல்லாம் வெளியே கொட்டி இவள் நுரையீரலையே அரிக்கிறதாம். ஊரில் எல்லாரும் எதிர்ப்பு சக்தி கம்மி என்றல்லவா சொன்னார்கள். அப்பா கேட்டுவிட்டு, “அப்போ எம்பொண்ணு ஒடம்பு இத்தினி நாளா சண்ட போட்டுக்கினுதான் கெடக்குதா?” என்றார். அப்புறம் வெளியே போய்த் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

எதிர் அறையில், மலைமேல் இருக்கிற வெள்ளிமலையிலிருந்து வந்த பச்சமுத்து என்பவரின் மகள் ரம்யா, பத்தாவது படிக்கிற பெண், இதே நோயோடு படுத்திருந்தாள். தன்னைப் போல இன்னொருத்தியை உன் தங்கை பார்த்தது அதுதான் முதல் தடவை. ஆனால் இரண்டு பேரும் கிட்டே போகக் கூடாதாம், ஒருத்தி நுரையீரலில் இருக்கிற கிருமி மற்றவளுக்குத் தொற்றினால் ஆபத்தாம். கதவுக் கண்ணாடி வழியாகக் கை காட்டிக்கொண்டார்கள். அந்தப் பெண்ணைப் பள்ளிக்கூடத்தில் டிபி என்று ஒதுக்கியதால் இருமலை அடக்கி அடக்கியே பழகிவிட்டது, சளியை வெளியேற்றும் பயிற்சி செய்யச் சொன்னால் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்ளும். “இன்னா சொல்லியும் கேக்க மாட்டேங்குதுங்க” என்று பச்சமுத்து என்னிடம் கலங்கினார். உன் தங்கை அவர் நம்பரை வாங்கி வீடியோவில் கூப்பிட்டு, “இங்க பாரு ரம்யா, நானும் இருமுறேன், நீயும் இருமு, யாருக்கு ஜாஸ்தியா சளி வருதுன்னு பாக்கலாம்” என்றாள். நான் தலையில் அடித்துக்கொண்டேன். அந்தப் பெண் முதலில் சிரித்தது, அப்புறம் இருமியது, சளி வெளியேறும்வரை நிறுத்தவே இல்லை. அன்றைக்குத்தான் மகள் அசந்து தூங்கினாள் என்று பச்சமுத்து வந்து சொன்னார்.

இரண்டு பேரும் வீடு திரும்பிவிட்டார்கள். நோய் போய்விடவில்லை, இனியும் வரும், ஜாக்கிரதையாக இருக்கச் சொல்லியிருக்கிறார்கள். தினமும் காலையில் போனை எதிரே வைத்துக்கொண்டு இங்கே இவளும் மலைமேல் அவளும் சேர்ந்து இருமுகிறார்கள். நடுவில் சிக்னல் போய்விட்டால், வரும்வரை உன் தங்கை காத்திருக்கிறாள்.

பச்சமுத்து கொடுத்த சாமை அரிசியைப் பகலவனிடம் அனுப்பியிருக்கிறேன், கஞ்சி வைத்துக் குடி. ஊருக்கு வரும்போது உனக்கு ஜலதோஷம் இருந்தால் மறைக்காதே, தங்கைக்கு ஆகாது. குலசாமி உன் கூடவே இருந்து காக்கட்டும், நீ நூறு வயது நன்றாக இருக்க வேண்டும். ஒன்றை மட்டும் மறக்காதே கண்ணு, இனிமேல் போனில் அவள் இருமினால், பேசாதே போய்ப் படு என்று வைத்துவிடாதே. அவள் இருமி முடிக்கும்வரை லைனிலேயே இரு.

இப்படிக்கு,
உன் அம்மா ராணியம்மாள்