சாப்பாடில்லாத தன்சல்

தோஹா
2011 மே 28

அன்பு ஜுனைதாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நான் சுகம். வெயில்தான் ஆளை வறுக்கிறது. போனில் கதைத்தால் கோபித்துக்கொண்டு வைத்துவிடுகிறாய், அதனால் எழுதுகிறேன். நீ மதுரங்குளியில் ஆட்டோ ஓட்டுவதை நினைத்தால் எனக்குத் தூக்கம் வருவதில்லை. ரோட்டில் ஆபத்தென்றால் என்ன செய்வாய்? பெண்பிள்ளை கை காட்டினால் எந்த வாகனம் நிற்கும்? வண்டியை விற்றுத்தர ஜூன் கடைசியில் தரகர் பதியுதீன் நானா வருவார். முகத்தைச் சுழிக்காமல் சாவியைக் கொடு.

உன் ஃபஸ்லான்

மதுரங்குளி
2011 ஜூன் 16

அன்புள்ள என் கணவருக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம். சாவிக் கதை பிறகு. நேற்று நடந்ததைக் கேளுங்கள்!

நேற்றுப் பொசன் போயா, பௌத்தர்களின் பௌர்ணமிப் பெருநாள். கொழும்பு ரோட்டில் வந்துகொண்டிருந்தேன். காற்றுக்குத் தென்னோலை விழுந்து, கரண்ட் கம்பி அறுந்து, வளைவுக்கு அந்தப் பக்கம் பொறி பறக்கக் கிடந்தது. ஆட்டோவைத் திருப்பி இந்தப் பக்கம் நிறுத்திவிட்டு, ஓடிப்போய்க் கை காட்டினேன். ஒரு வேன்காரன் ஹோர்ன் அடித்து விலகிப் போனான். நல்லகாலம், கம்பிக்கு ஒரு முழம் முன்னால் கண்டு பிரேக் அடித்தான். பின்னால் ஒரு பஸ், ஃபுட்போர்டிலும் சனம், பறந்து வருகிறது! நீங்கள் சொன்னது சரி, பெண்பிள்ளை கை காட்டினால் நிற்கமாட்டார்கள். ஆனால் போயாவில் சும்மா சாப்பாடு கொடுக்கும் தன்சலுக்கு நிற்காத பஸ் உண்டா? சீட் துடைக்கும் மஞ்சள் துவாயைக் கொடி மாதிரி வீசி, "தன்சல்! தன்சல்!" என்று தொண்டை கிழியக் கத்தினேன்.

நின்றதே! கொண்டக்டர்தான் முதலில் குதித்தான்.

"சாப்பாடு எங்க அக்கா?"

"சாப்பாடு இல்ல தம்பி, அங்க கரண்ட் கம்பி விழுந்து கெடக்கு!"

எட்டிப் பார்த்தவன் தலையில் கை வைத்துக்கொண்டான். ஒரு பெரியவர் மட்டும் கோப்பையும் கையுமாக இறங்கி, "அப்ப ஒண்டுமே இல்லயா?" என்றார். வீட்டுக்கு வாங்கிய பணிஸை அவருக்குக் கொடுத்தேன்.

வண்டியைக் கொடுக்க எனக்கு மனமே இல்லை. ஆனாலும் உங்கள் சொல்லைத் தட்டமாட்டேன். பதியுதீன் நானா வந்தால் சாவி மேசையில் இருக்கும். நான் அழுதால் மட்டும் கோபிக்க வேண்டாம்.

உங்கள் ஜுனைதா

தோஹா
2011 ஜூன் 26

அன்பு ஜுனைதாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உன் கடிதத்தை அறையில் உரக்க வாசித்தேன். கூட இருக்கும் குருநாகல் பண்டார கட்டிலில் விழுந்து விழுந்து சிரித்தான். எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. நானாக இருந்தால் கை காட்டிக் காட்டியே பஸ்ஸைக் கம்பியில் விட்டிருப்பேன். பதியுதீன் நானாவுக்குப் போன் எடுத்து, வண்டி விற்பனைக்கு இல்லை என்று சொல்லிவிட்டேன்.

நோன்புப் பெருநாளைக்கு லீவு கிடைத்திருக்கிறது. சந்தியில் பஸ்ஸால் இறங்குவேன். நீயே ஆட்டோவில் வந்து என்னை ஏற்றிக்கொள், நான் பின்னால் இருக்கிறேன். சாப்பாட்டோடு வா. என்னையும் வெறும் துவாயைக் காட்டி ஏமாற்றிவிடாதே.

உன் ஃபஸ்லான்