நீரூற்றில் குடம் பிடித்த அக்காவுக்கு

என் பிரியமுள்ள சண்முகத்தாய் அக்கா,

நீ போய் ஏழு மாதம் ஆகிவிட்டது. அதற்குள் நாலு தரம் பூங்காவுக்குக் கிளம்பிப் போனேன், நாலு தரமும் வாசலோடு திரும்பி வந்துவிட்டேன். திட்டாதே. உனக்கிருந்த வாயும் எனக்குக் கிடையாது, தைரியமும் கிடையாது. தெரிந்துதானே என்னைச் சேர்த்துக்கொண்டாய்?

பூங்காவைப் புதுப்பிக்கிறார்கள், அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். ரேடியோ ரூமுக்கு வெள்ளையடித்தாகிவிட்டது. சாயங்காலச் செய்தி கேட்க ஆம்பளைகள் மொய்த்துக் கிடந்த இடம், இப்போது உள்ளே மண்வெட்டிதான் இருக்கிறது. மூளியாகக் கிடந்த சிமெண்டு யானைக்குப் புதுத் தும்பிக்கை வைத்திருக்கிறார்கள். நீளம் கூடிப்போய், சறுக்கி வருகிற பிள்ளைகள் நேரே மண்ணில் போய் விழுகிறார்கள். மான் கூண்டில் இன்னும் மான் இல்லை. "மானு திருச்சுழி பஸ்ஸுல வந்துக்கிட்டு இருக்கு, பொறுங்க" என்று வாட்ச்மேனைக் கேலி செய்வாயே, அந்த பஸ் இன்னும் வந்து சேரவில்லை.

வாசலில் பூங்காவின் வரலாறு என்று ஒரு பலகை. ஆட்டுச் சந்தை நடந்த பொட்டல், கருவேல முள் வெட்டிச் சமப்படுத்தியது, கொடிக்கம்ப மேடை, நீரூற்றுத் திறப்பு விழா எல்லாம் அதில் இருக்கிறது. நாம் குடத்தோடு போனது மட்டும் இல்லை. எழுதினால் ஊர் மானம் கப்பலேறிவிடும் என்று பயந்துவிட்டார்கள்போல.

எனக்கு நேற்று நடந்தது மாதிரி இருக்கிறது. ரெட்டியபட்டியிலிருந்து கல்யாணமாகி இந்த டவுனுக்கு வந்து மூன்று மாதம்தான். குழாயில் தண்ணீர் வந்து பதினோரு நாள் ஆகியிருந்தது. பூங்காவில் தண்ணீர் திறக்கிறார்கள் என்று யாரோ சொல்ல, தெருவே குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடியது. அங்கே மாலை, மைக், நாற்காலி. சுவிட்சைப் போட்டதும் தண்ணீர் ஆள் உயரத்துக்குப் பொங்கியது. கைதட்டல் ஓய்வதற்குள் தொட்டிக்குள் முதல் குடத்தை முக்கியவள் நீ. உனக்குப் பின்னால் நான்.

"ஏம்மா, இது அழகுக்கு வச்சதும்மா!" என்று வாட்ச்மேன் கத்தினார்.

"வீட்டுல பானை காஞ்சு கெடக்கு. ஒங்களுக்கு அழகு கேக்குதோ?" என்றாய் நீ. பரளச்சி ஊர்க்காரி வாய் என்றால் சும்மாவா! மைக்கில் பேச வந்தவர் பேச்சை மறந்து நின்றார். அந்தக் களேபரத்தில் என் குடம் சுவரோரம் கவிழ்ந்து பாதித் தண்ணீர் போயிற்று. நான் அழுதேன். "அழுகாத தாயி, அங்கன பாரு, ஒரு புங்கங்கன்னு குடிக்கிது" என்று சொல்லி உன் குடத்திலிருந்து எனக்குப் பாதி ஊற்றினாய்.

அந்த நீரூற்று ஒரு வருசம்கூட ஓடவில்லை. கன்றுக்குத்தான் தினம் ஒரு சொம்பு கொண்டுபோனோம். அது மரமாகி, அதனடியில் சிமெண்டு பெஞ்சும் வந்தது. இடது பக்கம் நீ, வலது பக்கம் நான். முப்பது வருசம்.

போன வாரம் ஐந்தாம் தரமாகப் போனேன். மரத்தில் சிவப்புப் பெயிண்டால் பெருக்கல் குறி போட்டிருந்தது. அங்கே வேலை பார்க்கிற தம்பியிடம் கேட்டேன்.

"நடைபாதை நேரா வருதும்மா. எடுத்துத்தான் ஆகணும். வேண்டாம்னா இங்க நடக்க வர்றவுக எழுதிக் குடுங்க. ஒத்தக் கையெழுத்துன்னா தூக்கி ஓரமா வச்சிருவாக, ரெண்டு பேராச்சும் வேணும். திங்கக்கிழமை சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள."

நமக்கு மனு புதுசா? குழாய்க்கு, தெருவிளக்குக்கு என்று எத்தனை! நான் எழுதுவேன், நீ பேசுவாய். திங்கட்கிழமை மத்தியானம் மனுவை நகராட்சி ஆபீசில் கொடுத்தேன். அங்கிருந்தவர் பார்த்துவிட்டு, "மேல சண்முகத்தாய்னு பேரு இருக்கு, கையெழுத்தக் காணோமே? அவுகளக் கூட்டிட்டு வாங்க" என்றார்.

பழக்கதோசத்தில் எப்போதும்போல என் பெயருக்கு மேலே உன் பெயரை எழுதியிருக்கிறேன் அக்கா.

"அவுக இல்ல" என்றேன்.

"வெளியூரா?"

"செத்துப் போனாக."

இந்த ஏழு மாதத்தில் என் வாயால் அதைச் சொன்னது அதுதான் முதல் தடவை. வேறொருத்தர் கையெழுத்தோடு புதிதாக எழுதி வரச் சொல்லி அவர் ஒரு வெள்ளைத்தாளை நீட்டினார்.

வேறு யார் கையெழுத்துப் போடுவார்கள்? உன்னோடு வந்தேன், உன்னோடு பேசினேன், உன்னோடு திரும்பினேன். அந்தப் பூங்காவில் இன்னொருத்தர் பெயர்கூட எனக்குத் தெரியாது. இதில் உன் தப்பும் இருக்கிறது. ஒரு ஆளை இப்படி முழுசாகப் பிடித்து வைத்துக்கொண்டு பாதியில் போகலாமா?

நாலு மணிக்குப் பூங்காவில் நின்றேன். வந்தவர்களெல்லாம் காதில் எதையோ மாட்டிக்கொண்டு நடந்தார்கள். மூன்று பேர் பக்கத்தில் போனேன், வாய் வரவில்லை. அப்போது ஷூ போட்ட ஒரு பெண் நம் மரத்தடியில் நின்று, பாட்டிலில் மிஞ்சிய தண்ணீரை வேரில் ஊற்றினாள். போய்த் தாளை நீட்டினேன். அவள் தாளைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள்.

"நீங்க எப்பவும் ரெண்டு பேரா வருவீகள்ல? சத்தமாச் சிரிப்பாகளே, அந்த அம்மா எங்க?"

அழுதுவிட்டேன் அக்கா. நம்மைப் பார்த்துக்கொண்டும் ஒருத்தி இருந்திருக்கிறாள்.

கையெழுத்துப் போட்டாள். நேரமாகிவிட்டதென்று அவள் ஸ்கூட்டியிலேயே என்னை ஆபீசுக்குக் கூட்டிப்போனாள். ஸ்கூட்டியில் நான்! நீ பார்த்திருந்தால் பூங்கா அதிரச் சிரித்திருப்பாய். இன்று காலையில் போய்ப் பார்த்தேன். நடைபாதைக்குப் போட்ட சுண்ணாம்புக் கோடு நம் மரத்துக்கு முன்னால் வளைந்து போகிறது.

நாளையிலிருந்து தினமும் போவேன், இது சத்தியம். வலது பக்கம்தான் உட்காருவேன். உன் இடத்தில் யாரையும் உட்காரச் சொல்ல மாட்டேன். அந்தப் பெண் தானாக வந்து உட்கார்ந்தால், எழுந்திரு என்று சொல்லவும் மாட்டேன். நீ கோபித்துக்கொள்ளக் கூடாது.

உன் குடத்தில் பாதித் தண்ணீர் வாங்கிய
தங்கச்சி,
பாக்கியம்