பார்த்துக்கொண்டு நின்றவனுக்கு

இன்று காலை ஃபோர்மேன் என் கையில் ஒரு விசிலைக் கொடுத்தார். முட்டி தேய்ந்தவன் இனி ஏணி ஏற வேண்டாம், ஹோல் வாட்ச் டியூட்டி பார் என்றார். வாயில் வைத்ததும் அந்த பிளாஸ்டிக் வாடை. எட்டு வருஷம் கழித்து, இந்த அபுதாபி ருவைஸ் வெயிலில், நீ வந்து பக்கத்தில் நின்றுவிட்டாய்.

உனக்குத் தெரியாத வேலையா? எண்ணெய் டேங்க்குக்குள் போகிறவர்களின் அட்டையை வாங்கி போர்டில் மாட்ட வேண்டும். அவர்கள் வெளியே வரும்வரை ஆள் நுழையும் ஓட்டையருகே நின்று அவர்களையே பார்க்க வேண்டும். என்ன நடந்தாலும் நாம் உள்ளே இறங்கக் கூடாது, விசில் ஊத வேண்டும். தோஹாவில் நீ இதைச் செய்தபோது உன்னை நான் கேலி செய்யாத நாளே இல்லை.

அங்கே நஜ்மா ஏரியாவில் நம் ரூமில் அந்த வெள்ளிக்கிழமை நினைவிருக்கிறதா? நான் கறி வெட்டினேன், முருகேசன் வெங்காயம் உரித்தான். நீ கட்டிலில் சாய்ந்துகொண்டு, அட்டை கிழிந்த அந்தக் கிரேக்கர் புத்தகத்தில் கிடந்தாய்.

"விளையாட்டுத் திருவிழாவுக்கு மூணு வகை ஆளு வருவானாம் மாப்ள. ஜெயிக்க வர்றவன், யாவாரத்துக்கு வர்றவன், சும்மா பாக்க வர்றவன். பாத்து யோசிக்க வந்தவன்தான் உசத்தின்னு ஒரு கட்சி. ஊர்க் காரியத்துல இறங்காதவன் எதுக்கு ஆவான்னு இன்னொரு கட்சி. சாவுற வரைக்கும் சண்டை போட்டிருக்கானுவ."

"அடிமை சோறாக்கிப் போட்டிருப்பான், இவனுவ உக்காந்து யோசிச்சிருப்பானுவ. இங்க நாங்க ஆக்குறோம், நீ வாசிக்கிற" என்றேன்.

நீ விழுந்து விழுந்து சிரித்தாய். "நியாயமான கேள்விடா. ஆனா பாக்குறதும் லேசு இல்ல, ஒரு நாள் நின்னு பாரு."

"ரெண்டு கட்சியும் எந்திரிங்க, உப்புப் போட்டாச்சா?" என்று கேட்டான் முருகேசன்.

பத்து நாள்கூட ஆகவில்லை. ஸ்பேனர் எடுக்க நான் டேங்க்கைவிட்டு வெளியே வந்தேன். உள்ளே முருகேசன் சத்தமில்லாமல் சரிந்தான். நான் ஓடிப்போய் ஓட்டைக்குள் தலையை விட்டேன். நீ விசிலை ஊதிக்கொண்டே பின்னாலிருந்து என் பெல்ட்டைப் பிடித்தாய். முழங்கையால் உன் வாயில் இடித்தேன். உதடு கிழிந்தது, விசிலெல்லாம் ரத்தம். நீ விடவில்லை.

"உள்ள காத்து கெட்டுப்போச்சுடா. போனா நீயும் விழுவ!"

முகமூடி மாட்டியவர்கள் வந்து அவனைத் தூக்கினார்கள். உயிர் இல்லை.

கம்பெனி பஸ்ஸில், எல்லார் முன்னாலும் நான் கத்தினேன்: "நின்னு பாத்துக்கிட்டே இருந்தியேடா! உன் கிரேக்கக்காரனுக்கு இதுதான் உசத்தியா?" வீங்கிய உதட்டோடு நீ ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாய். அதற்கப்புறம் ஒரே ரூமில் இரண்டு மாதம் உன்னோடு பேசாமல் இருந்தேன். நீ லீவில் ஊருக்குப் போனாய். மாரடைப்பில் நீ போய்ச் சேர்ந்துவிட்டாய் என்று வாட்ஸப்பில்தான் செய்தி வந்தது. நான் சொன்னதை நீ நம்பிவிட்டுத்தான் போனாயா? இதை யாரிடம் கேட்பேன்?

நான் சொன்னது தப்புடா. அன்று உள்ளே போயிருந்தால் நானும் அங்கேயே கிடந்திருப்பேன், அது பஸ்ஸில் ஏறும்போதே எனக்குத் தெரியும். தெரிந்துதான் கத்தினேன். அவன் உள்ளே விழ, நான் வெளியே உயிரோடு நின்றதை என்னால் தாங்க முடியவில்லை. அந்தப் பழியை உன் தலையில் போட்டேன்.

இன்று என் போர்டில் மூன்று அட்டைகள். டீ குடிக்கப் போகவில்லை, போனைத் தொடவில்லை. கண் எரிந்தது, கால் கடுத்தது. நீ சொன்னது சரிதான், இது லேசான வேலை இல்லை. ஒருமுறை உள்ளே ஏதோ உருண்ட சத்தம் கேட்டதும் என்னையறியாமல் ஓட்டைக்குள் பாயப் போனேன். பின்னாலிருந்து பெல்ட்டை யாரோ இழுத்தார்கள். திரும்பிப் பார்த்தேன், யாருமில்லை.

"குச் நஹி பாய், பைப் கிரா!" என்று உள்ளிருந்து குரல் வந்தது, ஒன்றுமில்லை, பைப்தான் விழுந்ததாம். மூன்று பேரும் வெளியே வந்து அட்டையை வாங்கிக்கொண்டு சாப்பிடப் போனார்கள். நான் மட்டும் காலிப் போர்டின் முன்னால் நின்றேன். என் இடுப்பில் உன் பிடி இன்னும் இருக்கிறது. விட்டுவிடாதே மாப்ள.