தெருப்பக்கம் சாய்ந்த புல்

செப்டம்பர் 3

மழை விட்டு வெயிலும் அடித்துவிட்டது. ஆனாலும் முற்றத்தில் அம்மா விழுந்த இடத்தில் தண்ணீர் நிற்கிறது. ஒரு குருவி அதில் இறங்கிக் குளித்தது. துணி காயப்போட வந்தவள், தோளில் ஈரத்துணியோடு அதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

எங்கள் முற்றம் முழுக்கக் களிமண். கேட்டைத் திறந்து கதவுக்கு வருவதற்குள் செருப்பு கல்லாய்க் கனக்கும். கால் கழுவ வாசற்படியில் எப்போதும் ஒரு வாளித் தண்ணீர் இருக்கும். போன மழைக்காலத்தில் அம்மா வழுக்கி விழுந்து காலை முறித்துக்கொண்டாள். ஆஸ்பத்திரியிலிருந்து நேராகப் பெரியம்மா வீட்டுக்குப் போனாள். "ஊன்றுகோலை வச்சுக்கிட்டு அந்தச் சேத்துல எப்படி நடப்பா? தரை காயட்டும், அனுப்பறேன்" என்றாள் பெரியம்மா.

தரை எத்தனையோ முறை காய்ந்துவிட்டது. அம்மா வரவில்லை.

செப்டம்பர் 5

அம்மாவுக்குப் போன் செய்தேன். அங்கேயே தையல் மெஷின் போட்டுவிட்டாளாம்.

"வெல்வெட் திரை தைக்கிறேன். எல்லாத் துண்டும் ஒரே பக்கமாப் படியணும். ஒண்ணைத் தலைகீழா வெட்டிட்டாப் போச்சு, நிறமே வேறயாத் தெரியும்."

"ம்."

"உங்கப்பா ஏதாவது சொன்னாரா?"

"இல்ல."

"சரி."

அதற்குள் பெரியம்மா போனை வாங்கிக்கொண்டாள். "ஊரெல்லாம் பச்சைப் புல்லு விரிக்கிறாராம் உங்கப்பா. சொந்த வீட்டுல எருமை வந்து புரளலாம்." ஸ்பீக்கரில் இருந்தது. அப்பா அப்போதுதான் வேலை முடிந்து வந்து வாளித் தண்ணீரில் கால் கழுவிக்கொண்டிருந்தார். கால் சுத்தமான பிறகும் கழுவிக்கொண்டே இருந்தார்.

வீட்டுக்கு வா என்று சொல்லத்தான் போன் செய்தேன். வரவில்லை, வார்த்தை. வகுப்பில் எழுந்து நின்று பதில் சொல்லும்போதும் இப்படித்தான் தொண்டை அடைக்கும். நான் பள்ளியை விட்டுவிட்டேன். அது என்னை விடவில்லை.

செப்டம்பர் 6

அப்பாவோடு வேலைக்குப் போனேன். செயற்கைப் புல் வெட்டி விரித்ததில் மிஞ்சிய துண்டுகளை அப்பா சுருட்டி வண்டியில் ஏற்றினார். வழக்கமாக அதைத் தொடமாட்டார்.

செப்டம்பர் 11

இன்று வேலை இல்லை. எழுந்து வந்தால் அப்பா மண்வெட்டியோடு முற்றத்தில் நிற்கிறார்.

"எதுக்குப்பா?"

"சும்மா."

சும்மா ஒரு சாண் ஆழத்துக்கு முற்றம் முழுவதும் வெட்டினார். நான் களிமண்ணைக் கூடையில் அள்ளிக் கொட்டினேன். தெருச் சாக்கடை வரைக்கும் ஓட்டை போட்ட குழாய் பதித்தோம். களிமண் மேலே ஏறிவிடாமல் துணி விரித்தோம். அதன்மேல் ஜல்லி. வீட்டுச் சுவரிலிருந்து தெருப்பக்கம் லேசாகச் சரிவு. செயற்கைப் புல்லில் ஓட்டை இருக்கிறது, தண்ணீர் இறங்கிவிடும் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். இறங்கி எங்கே போகும்? கீழே களிமண் அசையாமல் உட்கார்ந்திருக்கிறதே. தண்ணீருக்கு வழிவிடுவது ஜல்லிதான்.

ஜல்லியை இறுக்க, அப்பாவோடு வேலை செய்யும் குலுக்கல் அண்ணன் அதிர்வு மெஷினைக் கொண்டுவந்தார். அதைப் பிடித்துப் பிடித்து அவருக்குப் பேச்சே ஆடும்.

"யாருக்குண்ணே இவ்வளவு அவசரம்? அண்ணி வர்றாங்களா?"

"மெஷினைப் போடுடா."

"கேட்டது தப்பா? நான் குலுங்கினா நீங்க ஏன் நடுங்குறீங்க?"

அப்பா சிரிக்கவில்லை. நான் திரும்பி நின்று சிரித்தேன்.

செப்டம்பர் 12

உள்ளங்கை எரிகிறது. அம்மா இருந்தால் ஊதிவிடுவாள்.

செப்டம்பர் 14

புல் விரித்தாகிவிட்டது. எல்லாம் மிச்சத் துண்டுகள், அதனால் இரண்டு வகைப் பச்சை. நான் பசை தடவினேன், அப்பா ஒட்டினார். கடைசியில் மணலைத் தூவி, இழைகளுக்கு நடுவே இறங்கும்படி பெருக்கினேன்.

ஆனால் ஒன்று. எங்கள் தொழிலில் புல் எப்போதும் வீட்டைப் பார்த்துச் சாய வேண்டும். உள்ளே இருப்பவர்கள் பார்க்கும்போதுதான் அப்போது அடர்த்தியாகத் தெரியும். அப்பாதான் எனக்குச் சொல்லிக் கொடுத்தது. சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்தேன், முற்றம் வெளுத்துக் கிடக்கிறது. எல்லாத் துண்டும் தெருப்பக்கம் சாய்ந்திருக்கிறது.

"அப்பா, திருப்பிப் போட்டுட்டீங்க."

"தெரியும்."

"பிரிச்சிடலாமா?"

"வேணாம். நாம பார்த்து என்ன ஆகப்போகுது."

அம்மாவைக் கூப்பிடுவீங்களா என்று கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை. அப்பாவும் கூப்பிடவில்லை. கூப்பிடாமல் அம்மா எப்படி வருவாள்? இந்த வீட்டில் எனக்கு மட்டுமா தொண்டை அடைக்கிறது?

செப்டம்பர் 19

மழை. அடி மழை. அப்பா வேலைக்குப் போயிருந்தார். நான் கதவருகே நின்று அம்மா விழுந்த இடத்தையே பார்த்தேன். தண்ணீர் விழுந்தது, போனது. விழுந்தது, போனது. மழை விட்டதும் வெறுங்காலோடு அங்கே போய் நின்றேன். பாதத்தில் ஈரம்தான், சேறு இல்லை.

அங்கே நின்றபடியே போன் போட்டேன்.

"அம்மா."

"என்னடி, குரல் ஒரு மாதிரி இருக்கு?"

"அம்மா... இங்க தண்ணி நிக்கல."

"எங்க?"

"நீ விழுந்த இடத்துல. அப்பா புல்லு போட்டிருக்கார்."

தையல் மெஷின் சத்தம் நின்றது.

"உங்கப்பா சொல்லச் சொன்னாரா?"

"இல்ல. நான்தான் சொல்றேன். வீட்டுக்கு வாம்மா."

சொல்லிவிட்டேன். அப்புறம் என்ன பேசினேன் என்று நினைவில்லை. அழுதேன் போல.

செப்டம்பர் 22

அப்பாவிடம் சொல்லவில்லை. வராவிட்டால்?

செப்டம்பர் 24

சாயங்காலம் தூறிக்கொண்டிருந்தது. கேட்டருகே வண்டி நின்றது. அம்மா இறங்கினாள். இளைத்திருந்தாள். அப்பா கதவு வரை போய் அங்கேயே நின்றுவிட்டார்.

அம்மா உடனே உள்ளே வரவில்லை. கேட்டிலிருந்து முற்றத்தைப் பார்த்தாள். அங்கிருந்து பார்த்தால் அடர்த்தியாகத் தெரியும். பிறகு ஊன்றுகோல் நுனியால் புல்லை ஒரு தரம் இந்தப் பக்கமும் ஒரு தரம் அந்தப் பக்கமும் தடவினாள், கடையில் வெல்வெட்டைத் தடவிப் பார்ப்பதுபோல.

"இது தெருவைப் பார்த்துல்ல படுத்திருக்கு" என்றாள்.

"கவனிக்காமப் போட்டுட்டேன்" என்றார் அப்பா.

"யாரு, நீங்களா?"

அம்மா நடக்க ஆரம்பித்தாள். அவள் விழுந்த இடத்தில் ஒரு நிமிஷம் நின்றாள். ஊன்றுகோலை அழுத்திப் பார்த்தாள். மறுபடி நடந்தாள்.

நான் வாசற்படியில் இருந்த வாளியை எடுத்து, தண்ணீரைக் கொட்டிவிட்டு, உள்ளே கொண்டுபோய் வைத்தேன்.